விரால் மீனுக்குப் பின்னால் இருந்த கரை

போன மாதம் பென்ஷன் காகிதம் ஒன்றுக்காகப் பழைய ஆபீசுக்குப் போனேன். புதிதாக வேலைக்கு வந்த இன்ஜினியர் தம்பி ஒருவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு கேமராவை எடுத்துக் காட்டினார். படத்தின் மூலையில் தேதி தானாகவே விழுமாம். வேலை நடந்த இடத்தைப் படம் பிடித்து பில்லோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்று இப்போது உத்தரவாம்.

"சார், நீங்க அந்தக் காலத்துலயே கேமராவும் கையுமா அலைவீங்கன்னு சொல்றாங்க. வேலையையும் அதையும் எப்புடி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

சமாளித்திருந்தால் நான் ஓவர்சியராகச் சேர்ந்து ஓவர்சியருக்கு ஒரு படி மேலே மட்டும் போய் ரிடையர் ஆகியிருக்க மாட்டேன். "டீ சொல்லுங்க தம்பி, சொல்றேன்" என்றேன். டீ வந்தது. கதை பாதியில் இருக்கும்போது அவருடைய மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். கேட்டவருக்கு முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. சொந்த ஊர் ஆவூர். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு வாத்தியார் மேல்தான் விழ வேண்டும். என்னையும் வாத்தியாராக்கத்தான் வீட்டில் நேர்ந்துகொண்டார்கள். நான் ஓவர்சியர் படிப்புப் படித்துவிட்டு, புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம், கண்மாயும் ரோடும் பார்க்கிற இலாகாவில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் டேப்பை இழுத்துப் பிடிக்கவும், மேலதிகாரி சிரித்தால் கூடவே சிரிக்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டாவதில் எனக்கு மார்க் கொஞ்சம் குறைவு.

கேமரா பினாங்கிலிருந்து வந்தது. சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்தான். ஜெர்மன்காரன் செய்த மடக்குக் கேமரா. மூடியைத் திறந்தால் ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி முன்னால் நீளும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேமரா வாங்கியவன் கேமராவோடு நிறுத்திய சரித்திரம் உண்டா? வெளிச்சம் அளக்க ஒரு மீட்டர், மூன்று கால் ஸ்டாண்டு, லென்ஸ் துடைக்க ஒட்டக முடிப் பிரஷ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மஞ்சள் கண்ணாடி ஃபில்டர் ஒன்று போட்டால் மேகம் எடுப்பாகத் தெரியும் என்று எங்கோ படித்து அதையும் திருச்சியில் வாங்கினேன். எங்கள் சீமையில் மேகத்தைப் பார்க்கவே ஆள் விட்டுத் தேட வேண்டும். அந்தக் கண்ணாடி பத்து வருஷம் புத்தம் புதிதாக இருந்தது.

படத்தைக் கழுவுவதும் நானேதான். கீரனூரில் குடியிருந்த வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறையை இருட்டறை ஆக்கினேன். ஜன்னலில் ஜமக்காளம், கதவிடுக்கில் சாக்கு, தரையில் மூன்று பீங்கான் தட்டு. கிணற்றுத் தண்ணீர் உப்பு; ஃபில்ம் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். என் மனைவி ஆரோக்கியம் அந்த ஹைப்போ மருந்து வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே, "எலி மருந்து வாங்கற செலவு மிச்சம். ஒங்க ரூமுப் பக்கம் ஒரு எலி வர மாட்டேங்குது" என்பாள்.

இப்போது வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் வெளியூர் போகும்போது மட்டம் பார்க்கும் கருவி ஒன்றைத் தேக்குப் பெட்டியில் வைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போக வேண்டும். நான் கருவியை ஆபீஸ் பீரோவிலேயே வைத்துவிட்டு, பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கட்டிக்கொண்டு போவேன். பெட்டியைப் பார்க்கிற ஜனங்கள் எழுந்து கும்பிடுவார்கள். உள்ளே சர்க்கார் இருக்கிறது என்று அவர்கள் நினைப்பு. அன்றன்று எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று டூர் டைரியில் எழுத வேண்டும். குன்றாண்டார்கோவில் குடைவரையில் காலை வெயில் சாய்வாக விழும் நாட்களில் என் டைரியில் ஏதாவது ஒரு பாலம் பழுது பார்க்கப்பட்டிருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கோபம், பொறாமை எல்லாம் சொன்னேன். டூர் டைரியை மட்டும் சொன்னதில்லை.

எங்கள் சூப்பர்வைசர் நடேசன் கத்தவே மாட்டார். கோபம் ஏற ஏற அவரிடம் மரியாதை கூடும். சாதாரண நாளில் "வாய்யா சவரிமுத்து." அளவில் பிசகு இருந்தால் "சவரிமுத்து சார்." "சவரிமுத்து அவர்களே" என்று ஆரம்பித்தால் மெமோ டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் எறும்பு அப்பியிருப்பதுபோல் இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் படிப்பார். என் கேமராவுக்கு அவர் வைத்த பெயர் 'மூதேவிப் பெட்டி'. அது அலுவலைக் கெடுக்கிறது என்று மாதம் ஒரு முறை எச்சரிப்பார்.

அவர் வீட்டு வாசலில் முப்பது ரோஜாச் செடி இருந்தது. கண்மாயில் தூர் வாரிய வண்டல் இலாகா லாரியில் அங்கே வந்து இறங்கும். ரோடு போடும் ஆள் ஒருவர் காலையில் தண்ணீர் ஊற்றுவார். அது பொழுதுபோக்கில் சேராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரோஜாக்களைப் படம் எடுக்க என்னையே கூப்பிட்டார். எடுத்துக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு உதறு உதறிப் பார்த்தார்.

"என்னய்யா, பூவு கறுப்பா இருக்கு?"

"கறுப்பு வெள்ளைப் படம் சார்."

"அதுக்காக? கொஞ்சம் செவப்பாத் தெரியற மாதிரி எடுக்கப்படாதா?"

இந்த ஆளுக்குக் கீழேதான் எட்டு வருஷம் வேலை பார்த்தேன்.

இனி அந்தக் கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். குன்றாண்டார்கோவிலிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடையை ஒட்டிக் கரை பலவீனமாக இருந்தது. மடைக்கு இரண்டு பக்கமும் கரையின் உட்சரிவில், மேலிருந்து அடிவரை கல் பதிக்க உத்தரவாகி, ஒரு கான்ட்ராக்டர் வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னார். மார்ச் மாதம், வருஷக் கடைசி, பில் பாஸாக வேண்டும். நானும் நடேசனும் அளக்கப் போனோம். கண்மாயில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. மேலிருந்து தண்ணீர் விளிம்புவரை கல் ஒழுங்காகத் தெரிந்தது. அதற்குக் கீழே பச்சைத் தண்ணீர்.

நான் டேப்பைத் தண்ணீர் விளிம்பில் நிறுத்தினேன். "சார், இன்னுங் கொஞ்ச நாள்ல தண்ணி வத்திரும். அப்பப் பாத்துட்டு எழுதிருவமே."

"தண்ணி வத்துற வரைக்கும் மார்ச்சு மாசம் நிக்குமாய்யா? பிளான்ல உள்ளபடி அடி வரைக்கும்னு எழுது. இல்ல, முங்கிப் பாத்துட்டு வரப் போறியா?"

கான்ட்ராக்டர் சிரித்தார். நடேசனும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எழுதினேன். அளவுப் புத்தகத்தில் என் கையெழுத்து மேலே, அவர் கையெழுத்து கீழே. எனக்கு நீச்சல் தெரியும். முங்கியிருக்கலாம். சட்டைப் பையில் ஃபில்ம் சுருள் இருக்கிறதே, கழற்றி எங்கே வைப்பது என்று யோசித்தது மட்டும் இன்றுவரை ஞாபகம் இருக்கிறது.

சித்திரைக் கடைசியில் அந்தக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. எங்கள் பக்கத்து வழக்கம் அது. தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் நாள் சொல்லிவிடுவார்கள். விடிந்ததும் கரை முழுக்க ஆள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கூடையும் வலையுமாக அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்வார்கள். சாதி, ஊர், பங்காளிச் சண்டை எல்லாம் அன்று கரையிலேயே நிற்கும். பிடித்தவனுக்குப் பிடித்த மீன்.

அன்று ஒரு சுருள் ஃபில்ம், எட்டுப் படம், எனக்கு வெறி. டைரியில் அந்த நாளுக்கு 'கீரனூர் சாலையில் ஜல்லிக் குவியல் அளந்தது' என்று முதல் நாளே எழுதிவிட்டேன். ஏழு படம் கலங்கல் தண்ணீரும் முதுகுகளுமாகப் போயிற்று. எட்டாவதற்கு அடைக்கன் கிடைத்தார்.

அடைக்கன் அந்த ஊர் மடைக்காரர். மடையைத் திறந்து மூடுவதும், மழைக் காலத்தில் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. அதற்கென்று பரம்பரையாக விட்ட கொஞ்சம் நஞ்சையும் உண்டு. கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கிக்கொண்டு, இடுப்பு வரை சேறோடு வந்தார். பின்னால் மடை, கரை, மேலே வானம். முகத்தில் வெயில் அளந்து விட்டதுபோல் விழுந்தது. நான் கேமராவைத் தூக்கினேன்.

"ஓவர்சியரய்யா, நல்ல வேளை வந்தீங்க. அங்கிட்டுப் பாருங்க, கீழ..." என்று திரும்பப் போனார்.

"திரும்பாதீங்க, திரும்பாதீங்க. மீனத் தூக்கிப் பிடிங்க. இங்கிட்டுப் பாருங்க."

"இல்லைங்கய்யா, கீழ..."

"பேசாதீங்க அடைக்கன். அசஞ்சா படம் கெட்டுப் போகும்."

விசையை அழுத்தினேன். நான் என் வாழ்க்கையில் எடுத்த ஆக நல்ல படம் அது. மீனின் வாலிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூடத் துல்லியமாக வந்திருந்தது. எடுத்த கையோடு வீட்டுக்குப் போய்க் கழுவ வேண்டும் என்று சைக்கிளை மிதித்தேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு பிரிண்ட் போட்டு அவருக்கு ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். தாராள மனசு எனக்கு.

ஐப்பசி கடைசியில் மழை அடித்தது. மூன்றாம் நாள் காலையில் மடையை ஒட்டி, கல் பதித்த பகுதி முழுக்கப் பிய்த்துக்கொண்டு கரை போயிற்று. உயிர்ச் சேதம் இல்லை. நட்டு ஒரு மாதமான பயிரெல்லாம் மணலுக்கடியில். நான் போய்ப் பார்த்தபோது அங்கே கல்லும் இல்லை, கரையும் இல்லை. அளந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

நடேசன் அன்றே ரிப்போர்ட் எழுதினார். மடைக்காரர் கலுங்கில் மீன் பொறி வைப்பதற்காக அடைத்திருந்த மண்ணை எடுக்கவில்லை, உபரித் தண்ணீர் போக வழியில்லாமல் கரை உடைந்தது, எனவே மடைக்காரரை வேலையிலிருந்து நீக்கி நிலத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். கலுங்கு முதல் நாளே திறந்து ஓடியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பயிர் போன கோபத்தில் ஊரே யார் தலையாவது கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பொறி வைக்கிற ஆள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"கீழ நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்றார் நடேசன். போட்டேன். போடும்போது அந்தப் படம் எனக்கு நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மை அதுதான். நூறு தடவை பார்த்த படத்தில் நான் மீனையும் வெளிச்சத்தையும் தவிர எதையும் பார்த்ததில்லை.

நாலு நாள் கழித்து அடைக்கன் மனைவி வெள்ளையம்மா கீரனூரில் என் வீட்டுக்கு வந்தார். நடந்தே வந்திருந்தார். மடியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே என் படம்.

"சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருந்தோங்க. நேத்துத்தான் உத்துப் பாத்தேன். இதுல மீனுக்குப் பின்னால கரை தெரியிது பாருங்க. பாதிக்கு மேல கல்லு இருக்கு. கீழ வெறும் மண்ணு. மடைக்கிட்ட ஒரு பொத்தலும் இருக்கு. அன்னைக்கே அதத்தான் ஒங்ககிட்ட சொல்ல வந்ததாச் சொல்றாரு."

வரைபடம் பார்க்கிற லென்சை எடுத்து வைத்துப் பார்த்தேன். மேலே வரிசையாகக் கல். தண்ணீர் விளிம்பாக இருந்த இடத்தில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு கல்கூட இல்லை. மடைச் சுவரை ஒட்டிக் கறுப்பாக ஒரு பொந்து, ஆள் கை நுழையும் அளவுக்கு.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் டூர் டைரி ஆகிவிடும். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "படத்தக் குடுத்துட்டுப் போம்மா. பெருசு பண்ணித் தாரேன்" என்றேன்.

வெள்ளையம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். லென்சுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்துத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சின்னதே போதுங்க. வெள்ளிக்கெழம பெரிய ஆபீசர் வாராராம். நீங்க எடுத்த படம், நீங்க சொன்னாத்தான் எடுபடும்னு சொல்லிட்டுப் போக வந்தேன்." தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியம் வெளியே வந்தாள். "வேலைக்குப் போன எடத்துல வேலைய மட்டும் பாத்திருந்தா இந்த வம்பு உண்டா?"

"படம் எடுக்கலேன்னா அந்த ஆளுக்குச் சாட்சியே கெடயாது, தெரியுமா?" என்றேன் வீறாப்பாக.

"அப்பச் சாட்சி சொல்லப் போறீங்களா?"

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் தண்ணீருக்குள் பார்க்காமல் அளவு எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஜல்லி அளந்ததாக டைரியில் எழுதியது பொய் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. சொல்லாவிட்டால் அடைக்கன் குடும்பம் நடுத்தெருவில்.

வெள்ளிக்கிழமை உடைந்த கரைக்குப் பக்கத்தில் புளிய மரத்தடியில் பள்ளிக்கூடத்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து எக்சிகியூட்டிவ் இன்ஜினியர் வந்து உட்கார்ந்தார். நடேசன் ரிப்போர்ட்டை வாசித்தார். அடைக்கன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "ஏதாச்சும் சொல்றியாப்பா?" என்று கேட்டதற்கு, "கலுங்கத் தொறந்துட்டேங்க. கரைதான் நிக்கல" என்றார். வெள்ளையம்மா கூட்டத்திலிருந்து வந்து படத்தை நீட்டினார்.

பெரிய அதிகாரி வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, யாரு எடுத்தது?"

"நான்தான் சார்."

"ஸ்பீடு என்ன வச்சீங்க?"

"நூறுல ஒண்ணு சார். அப்பர்ச்சர் எட்டு."

"ஃபில்டர்?"

"போடல சார்."

"போட்டிருந்தா வானம் இன்னும் எடுப்பா இருந்திருக்கும். ஆனா மீன் பிரமாதம். செதில் செதிலாத் தெரியுது." படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். அவரும் எங்கள் ஜாதி, கேமராப் பைத்தியம். ஒரு குடும்பத்தின் சோறு அந்தப் படத்தில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் செதிலை எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இவர் பார்க்கப் போவதில்லை.

"மீன விடுங்க சாமி" என்றார் வெள்ளையம்மா. "மீனுக்குப் பின்னால பாருங்க."

அதிகாரி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. "இவன் ஏன் வாயத் தொறந்துக்கிட்டு இருக்கான்?" என்று கேட்டார்.

அடைக்கன், "கல்லு போடலேன்னு அய்யாகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேனுங்க. பேசாத, படம் கெட்டுப் போகும்னாரு" என்றார்.

நடேசன் படத்தை மெதுவாக வாங்கினார். பழக்க தோஷம், அதையும் இரண்டு உதறு உதறினார். "இது போன வருஷத்து மீன்பிடியா இருக்கும். அப்ப நாம கல்லே பதிக்க ஆரம்பிக்கல, மேல இருக்கறது பழைய கல்லு. இந்த வருஷம் மீன்பிடி அன்னைக்கு ஓவர்சியர் கீரனூர் ரோட்டுல ஜல்லி அளந்திருக்கார், டைரி இருக்கு சார். இல்லையா, சவரிமுத்து அவர்களே?"

தப்பிக்கும் வழியை நானே என் டைரியில் எழுதி வைத்திருந்தேன். 'ஆமாம் சார்' என்றால் போதும். அடைக்கனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, உடைந்த கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சித்திரையில் அவர் சொன்னதை அரை நிமிஷம் கேட்டிருந்தால் இந்தக் கரை நின்றிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

"இந்த வருஷத்துப் படம்தான் சார்" என்றேன். "டைரி பொய். அளவும் தண்ணிக்கு மேல பாத்து எழுதுனதுதான்."

அப்புறம் நடந்தது சுருக்கம். அடைக்கன் வேலை நிலைத்தது. எனக்கு ஆறு மாதம் சஸ்பென்ஷன், இன்கிரிமென்ட் வெட்டு. அந்த ஆறு மாதம் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துக் குடும்பம் நடத்தினேன். வேலையும் பொழுதுபோக்கும் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தது என் சர்வீசிலேயே அப்போதுதான். நடேசன், தான் கீழிருப்பவரின் அளவை நம்பிக் கையெழுத்துப் போட்டதாக எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கண்டனமும் குளிர்ப் பிரதேசத்துக்கு மாற்றலும் கிடைத்தன. அங்கே ரோஜா நன்றாக வருமாம்.

திரும்ப வேலையில் சேர்ந்ததும் முதல் வேலையாக அதே கண்மாய்க்குப் புதுக் கரையை அளக்க அனுப்பினார்கள். கோடை, உள்ளே சேறு மட்டும். கூலி ஆள் வரவில்லை. அடைக்கன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். கரை மேல் நின்று மறு முனையைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை விரித்தேன்.

"அடி வரைக்கும் கல்லு இருக்கா அடைக்கன்?"

"இருக்குங்க."

எழுதப் போனேன்.

"எழுதாதீங்க" என்றார் கீழேயிருந்து. "நாஞ் சொன்னத வச்சு எழுதாதீங்கய்யா. எறங்கி வந்து ஒங்க கையால தொட்டுப் பாத்துட்டு எழுதுங்க."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.